உறைந்த மழையில் நான்கு நாட்கள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் குழுவினர் பகிர்ந்துகொண்டது)



மருத்துவமனையைப் பற்றிப் பேசாமல் ஒரு மலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காணிக்கை கொடுத்து அனுப்பினால் இவர்கள் மலையேறவா போனார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் சொந்த விடுமுறை, சொந்தச் செலவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இந்த ஆண்டு ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். டாக்டர் அக்கா, இரண்டு நர்ஸ் சகோதரிகள், லேப் தம்பி, பிறகு மலைக்கிராமத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் வார்டு ஊழியர். அவரை எல்லாரும் 'பையா' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஊர் இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறக்குறைய 200 கி.மீ. புரோலா, மோரி என்று டோன்ஸ் ஆற்றங்கரையோடு ஜீப்பில் ஒரு முழுப் பகல். அங்கிருந்து நடந்து ஏறவேண்டியது கேதார்காண்டா, 12,500 அடி.

நம் ஊரில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், இமயமலையில் கிடப்பதும் பனிதான். நம்முடைய பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 51-ம் சங்கீதத்தில் அதற்கு 'உறைந்த மழை' என்று போட்டிருக்கிறது. சிறு வயதில் அந்த வார்த்தை விளங்கவில்லை. முழங்காலுக்கு மேல் புதைந்து நின்றபோது விளங்கியது.

முதல் நாள் தேவதாரு மரங்களுக்கு நடுவே சுகமாகப் போனோம். ஜூடா கா தாலாப் என்ற குளம் கல்லாக உறைந்திருந்தது. அதற்கு மேல்தான் கஷ்டம். புதுப் பனியில் முன்னால் போகிறவர் ஒவ்வொரு அடியும் காலைத் தூக்கி, மிதித்து, குழி செய்ய வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதே குழியில் கால் வைத்தால் பாதிக் களைப்புதான். ஐம்பது அடிக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டோம். பையா மட்டும் தன் முறை முடிந்த பிறகும் பின்னால் வரமாட்டார்.

மூன்றாம் நாள் விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் ஏறினோம். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உச்சியில் ஸ்வர்காரோஹிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் சிவந்து நின்றன. ஸ்தோத்திரப் பாட்டு ஆரம்பித்தோம். இரண்டாம் அடிக்கு யாருக்கும் மூச்சு இல்லை.

அப்போதுதான் தம்பி, "அக்கா, விரல் இருக்கிறதே தெரியலை" என்றான். கால்விரல்கள் மெழுகு போல் வெளுத்திருந்தன. நர்ஸ் சகோதரி தேய்க்கப் போனார். அக்கா தடுத்துவிட்டார். தேய்த்தால் தசை கிழியும். முழுக்க உறைந்த காலாக இருந்தால் பாதி வழியில் சூடாக்கவும் கூடாது, மறுபடி உறைந்தால் விரலே போய்விடும் என்றார். தம்பிக்கு நல்லவேளை ஆரம்ப நிலை. பையா பேசாமல் உட்கார்ந்து, தன் சட்டையைத் தூக்கி அந்தக் கால்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் தம்பி வலியில் கத்தினான். அக்கா மட்டும் சந்தோஷப்பட்டார்.

நான்காம் நாள் சாங்க்ரியில் தேநீர் குடிக்கும்போது, மேலே தாலுகா பாதையில் ஒரு பெண்ணைச் சுமந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பனியில் அந்தப் பாதையில் ஜீப் போகாது. எதிரே நடந்தோம். நாற்காலியில் கம்பு கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். விடியற்காலையில் வீட்டில் பிரசவம், நஞ்சு விழவில்லை, இரத்தம் நிற்கவில்லை. கம்பளிக்குள் உதடு வெளுத்துக் கிடந்தாள்.

எங்களிடம் மருந்து ஒன்றும் இல்லை. படுக்கைப் பை இருந்தது. தாயையும் சேயையும் அதற்குள் வைத்து, கருப்பை சுருங்கட்டும் என்று குழந்தையை மார்பில் விட்டார் அக்கா. மேலே ஏறும்போது செய்ததைத்தான் மறுபடி செய்தோம். தூக்குகிறவர்கள் சறுக்காதபடி முன்னால் போய் முறை போட்டுப் பனியை மிதித்துக் கொடுத்தோம். வெந்த காலோடு தம்பியும் மிதித்தான், சொன்னால் கேட்கவில்லை. பனியில் விழுந்தவனைச் சாது சுந்தர் சிங் சுமந்து போன கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அன்று எங்களில் யாருக்கும் அது நினைவில்லை. கால் வைக்கும் இடம் மட்டும்தான் நினைவில் இருந்தது.

ஜீப் ஏறி அரசு மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்த டாக்டரோடு சேர்ந்து அக்கா நஞ்சை எடுத்தார். கர்த்தர் இரங்கினார், அவள் பிழைத்தாள்.

நாங்கள் நான்கு நாள் பொழுதுபோக்காக நடந்த பனியில், எங்களிடம் வருகிற தாய்மார் நிறைமாதத்தோடு நடக்கிறார்கள். இதைப் புறநோயாளி சீட்டில் எழுதுவதற்கு இடமில்லை. ஆகவே ஒன்பதாம் மாதத்திலேயே கீழே வந்து தங்கிக்கொள்ள, எங்கள் வளாகத்தில் இரண்டு அறை கட்ட விரும்புகிறோம். கணப்பு அடுப்பு, துணைக்கு வரும் மாமியாருக்கும் ஒரு கட்டில். பெரிய கட்டடம் வேண்டாம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவர்கள் தாங்குங்கள்.

மார்ச் மாதத்தில் அந்தப் பெண்ணின் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் படுக்கைப் பையைத் துவைத்து மடித்து, அதற்குள் ஐந்து கிலோ ராஜ்மா வைத்திருந்தார். மெஸ்ஸில் இன்னும் தீரவில்லை.