நோயும் நம்பிக்கையும்



தாய்மொழி வழங்காத ஊரில் வாழ்வோர்க்கு நோய் இரட்டைச் சுமையாக வருகிறது. உடல் படும் துன்பம் ஒன்று. அத்துன்பத்தின் பெயரை அயல்மொழியில் கேட்டறியும் துன்பம் மற்றொன்று. புற்றுநோய் என்று அறிந்த பின்னரும் ஒருவர் நம்பிக்கையோடு இருப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். மைசூரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், இதனை அறிவுரையாகத் தொடங்க விரும்பவில்லை. நாம் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அண்டை வீட்டு அம்மையார் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் புண் தோன்றியது. அறுபது வயதைக் கடந்தவர். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகனோடு வாழ வந்தவர். மைசூர் வெற்றிலையின் மென்மையைப் புகழ்ந்து, புகையிலையும் சேர்த்து நாள்தோறும் தாம்பூலம் தரித்தவர். மூன்று வாரங்கள் கடந்தும் புண் ஆறவில்லை. மருத்துவமனையில் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தனர். முடிவு வந்த நாளில் நம்மையும் உடன் அழைத்தார் மகன். அவருக்குக் கன்னடம் தெரியும். எனினும் மருத்துவர் கூறுவதைத் தம் வாயால் தாய்க்குச் சொல்ல அஞ்சினார். தாழ்வாரத்தில் நம் கையைப் பற்றிக்கொண்டு, “அண்ணா, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா தாங்கமாட்டாள்” என்றார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடுதல் குற்றம். இருபது ஆண்டுகளாக அதனை அறிந்திருந்தும், அன்று அக்குற்றத்தைச் செய்தோம். மருத்துவர் நெடுநேரம் விளக்கினார். நாமோ, “வாயில் ஒரு புண், சிறிய அறுவை செய்தால் ஆறிவிடுமாம்” என்று முடித்துவிட்டோம்.

அம்மையார் நம்மை உற்று நோக்கினார். “அவர் இவ்வளவு நேரம் பேசினாரே, தம்பி, நீ இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாயே! எல்லார் முகமும் வாடிக் கிடக்கிறது. எனக்குத் தெரியாதா? புற்று என்றால் புற்று என்றே சொல். வாய் என்னுடையது அல்லவா?” என்றார்.

நாம் தலை குனிந்தோம். பின்னர் ஒன்று விடாமல் உரைத்தோம். அவர் சிறிது நேரம் அழுதார். மகனும் அழுதார். அதன்பின் கண்களைத் துடைத்துக்கொண்டு அம்மையார் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அறுவைக்குப் பின் பேச முடியுமா? கதிர் வைத்தியம் எத்தனை நாள்? நாள்தோறும் வர வேண்டுமா? மருத்துவர் பொறுமையோடு விடை கூறினார். வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர் வைக்க வேண்டும் என்றார். கட்டாயம் குணமாகும் என்று அவர் வாக்களிக்கவில்லை. குணமாகாது என்றும் கூறவில்லை. நோய் பெரிதும் பரவுமுன் வந்தது நன்று என்றார். அவ்வளவு போதுமாயிருந்தது அம்மையாருக்கு.

நம்பிக்கை என்பது யாது? உண்மையை மறைத்து அதன்மேல் கட்டும் நம்பிக்கை முதற் காற்றிலேயே சரிந்துவிடும். உள்ளது இன்னது என்று அறிந்து, அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்யத் துணிவதே நம்பிக்கை என்று நாம் அன்று கற்றுக்கொண்டோம்.

“மனத்தைத் தளரவிடாதே, மன உறுதியிருந்தால் நோய் ஓடிவிடும்” என்று பலர் நோயாளிக்குக் கூறுவர். அன்பினால் கூறுவதே, எனினும் அதில் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது. நோய் முற்றினால், தம் மனம் தளர்ந்தமையே காரணம் என்று நோயாளி தம்மையே நொந்துகொள்வார். தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்தம் மனநிலை ஆயுளை நீட்டியதாகவோ குறைத்ததாகவோ காணவில்லை. ஆகவே, அழுகை வந்தால் அழலாம்; அதனால் நோய் வளர்ந்துவிடாது. மன உறுதி வேண்டுவது மருத்துவமனைக்குத் தவறாமல் செல்வதற்கும், உண்ண இயலாத நாளில் ஒரு கவளமேனும் உண்பதற்குமே.

துயரம் செயலாக மாறிய வரலாறு நம் தமிழகத்தில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரத்தை அவர் மறக்கவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. முப்பத்தோராண்டு கழிந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. அன்று அதில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. அடுத்த ஆண்டில் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்நிலையத்துக்கே தம் வாழ்நாளை அளித்தார்.

நாம் வாழும் மைசூரிலும் இத்தகைய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. கிருஷ்ணராஜ சாகர் செல்லும் சாலையில், காசநோய்க்கு இரையான இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரால் ஒரு காசநோய் மருத்துவமனை நிற்கிறது. அவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி. மன்னர் குடும்பத்தின் செல்வமும் அவரைக் காக்க இயலவில்லை. அந்நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. இன்று பெரும்பாலோர்க்கு ஆறு மாத மாத்திரைகளே போதும். ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய பெயர் அது. புற்றுநோயிலும் சில வகைகள் அவ்வழியில் வந்துகொண்டிருக்கின்றன; தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாவோர் பலர்.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்க்கு நாம் கூற விரும்புவன சில. மருத்துவரிடம் செல்லும்போது இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம், எதையும் மறைக்க வேண்டா என்று முன்னரே சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெங்களூரில் 1973 முதல் கித்வாய் புற்றுநோய் நிலையம் இயங்கி வருகிறது. சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். பாதியில் சிகிச்சையை விட்டு, எல்லாம் தீரும் என்று வாக்களிப்போர் பின்னே செல்லாதீர்கள். குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க மருத்துவம் உண்டு. நோவின்றி உறங்கும் ஓர் இரவும், பேரக் குழந்தையோடு பேசும் ஒரு மாலையும் நம்பிக்கைக்குரிய பொருள்களே.

அம்மையார் இன்றும் தவணை தவறாமல் பரிசோதனைக்குச் செல்கிறார். பேச்சு சற்றே குழறுகிறது. குழைந்த ரசம் சாதமே உணவு. தாம்பூலத்தை விட்டுவிட்டார்; வெற்றிலைச் செல்லத்தை மட்டும் விடவில்லை. அதில் இப்போது மருத்துவமனைச் சீட்டுகளை மடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நம்மை உடன் அழைக்கும்போது, “முழுதும் சொல்ல வேண்டும், தம்பி” என்று நினைவூட்டத் தவறுவதில்லை. நாமும் ஒரு சொல்லையும் விடுவதில்லை.