நம் அன்னையரின் நடுவயது



வெள்ளி விழா மேடையில் நாம் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும், நடவுக் கூலியைச் சேர்த்து நம்மைப் படிக்கவைத்த அன்னையரின் உடல்நிலையைப் பற்றி நாம் கூடிப் பேசியதில்லை. இன்று பேசுவோம்.

மாதவிலக்கு தொடர்ந்து ஓராண்டு வராதிருந்தால் அது நின்றுவிட்டது என்பது மருத்துவக் கணக்கு. நம் நாட்டில் இது பெரும்பாலும் 45 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் குறைந்துவருகிறது. அதனால் திடீரென உடம்பு கொதிக்கிறது, வியர்த்து உறக்கம் கலைகிறது, காரணமின்றிக் கண் கலங்குகிறது, சினம் எழுகிறது. இது சோம்பலுமன்று, குணக்கேடுமன்று, பேய்பிடித்தலுமன்று.

குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றில் குனிந்து நிற்பவளுக்கு வெயிலின் வெக்கையோடு உடலின் வெக்கையும் சேர்கிறது. இரவெல்லாம் உறங்காதவள் விடியலில் வயலில் இறங்கவேண்டும். கரையேறி அமர்ந்தால் கூலி போய்விடும். நடவு இயந்திரம் வந்தபின் வேலைநாட்கள் குறைந்தன. குழுக்கடனின் தவணையோ தவறாமல் வருகிறது. இத்தனையும் சுமக்கும் மனம் சோர்வதில் வியப்பென்ன?

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு அவர் காட்டிய அக்கறையைப் பேறு ஓய்ந்த காலத்துக்கும் நாம் காட்டவேண்டாமா?

இளைஞர்களே, வீட்டு வேலையில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். "இரவு தூங்கினாயா, அம்மா?" என்று கேளுங்கள். தாய்மார்களே, உங்களுக்குள் மனம்விட்டுப் பேசுங்கள். எலும்பு வலுவிழக்கும் வயது இது. கேழ்வரகும் கீரையும் சிறுமீனும் உண்ணுங்கள். விலக்கு நின்றபின் மீண்டும் உதிரம் பட்டால் காலந்தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று எவரேனும் சொன்னால், மற்றொரு மருத்துவரையும் கேளாமல் இசையாதீர்கள். சூற்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், கட்டணமில்லாத 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

அன்னையர் உழைப்பால் நாம் எழுத்தறிந்தோம். அவர்கள் வாய்திறந்து சொல்லாத துன்பத்தை அறிந்து துணைநிற்பது அக்கல்விக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.