அம்மாவின் ஐந்து மணி நேரம்

கணவர், மகன்கள், மாமனார் என ஆண்கள் மட்டுமே உள்ள வீட்டில், எல்லா வேலையும் அம்மா ஒருவர் தலையில்தான் விழுகிறது. அது எவ்வளவு நேரம்? 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதிலேயே நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் போகிறது. சம்பளம் இல்லாத 5 மணி நேரம். ஆண்களிலோ, நான்கு பேரில் ஒருவர்தான் வீட்டு வேலையில் கை வைக்கிறார்.

அப்படி ஒரு வீட்டைத் திருப்பூர் மாவட்டத்துக் கணியூரில் வைத்துப் பாருங்கள். மில், பனியன் கம்பெனி என்று ஷிப்ட் வேலைக்குப் போகும் வட்டாரம். அப்பா ஒரு ஷிப்ட், மூத்தவன் இன்னொரு ஷிப்ட், சின்னவனுக்குப் பள்ளிக்கூடம். அதனால் மூன்று வேளைச் சோறு ஐந்தாறு வேளை ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் ஷிப்ட் முடிகிறது, அம்மாவுக்கு முடிவதில்லை.

அம்மாவின் ஆசைகளோ பெரியவை அல்ல. சொந்தமாக ஒரு ஓவர்லாக் தையல் மெஷின். ஒருநாள் பக்கத்துப் பழனிக்கு, யாருக்கும் சமைத்து வைக்காமல், ஒரு பயணம். இதற்குப் பணமும் வேண்டும், நேரமும் வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பணம் வருகிறது, மதிப்பும் வருகிறது. நேரம் வருவதில்லை. நேரத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் தர முடியும்.

கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். கல்யாணச் சமையல் மாஸ்டரும் அப்படித்தான். கூலிக்குச் செய்யத் தெரிந்த கைகள் வீட்டில் சும்மா இருப்பது நியாயமில்லை. டிபன் பாக்ஸை அவரவர் கழுவி, யூனிபார்மை அவரவர் தேய்த்தாலே, அம்மா மெஷின் முன் உட்கார நேரம் கிடைக்கும்.