சொம்பு கேட்ட கை



மறதி நோய் வந்த என் பெரியம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். "குளிக்க வைக்கப் போனால் அடிக்கிறார்" என்று ஓயாமல் புகார் வரும். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். ஷவரைத் திறந்தார்கள். தலையில் தண்ணீர் கொட்டியதும் பெரியம்மா வெடவெடத்துப் போனார். காலமெல்லாம் அண்டாவில் மொண்டு, முதலில் காலை நனைத்து, அப்புறம் தோளில் ஊற்றிக் குளித்தவர் அவர். ஒரு வாளி வெந்நீர் வைத்து, சொம்பைக் கையில் கொடுத்தோம். தாமாகவே காலில் ஊற்றிக்கொண்டார். என் பெயர் மறந்துபோன அந்தக் கைக்குச் சொம்பு மறக்கவில்லை.

"அவருக்கு என்ன தெரியும், எதைக் கொடுத்தால் என்ன?" என்கிறோமே, அந்தப் பேச்சை விட வேண்டும். நேற்று நடந்தது மறந்துபோகும். பிடித்ததும் பிடிக்காததும் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 2010 முதல் 16 கேள்விகள் கேட்கிறார்கள். எதை உடுத்துவது, எப்படிக் குளிப்பது, எப்போது படுப்பது, எந்தப் பாட்டைக் கேட்பது என்பதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முதலில் அங்கே தங்கியிருப்பவரிடமே கேட்க வேண்டும். அவரால் பதில் சொல்ல முடியாதபோதுதான் குடும்பத்தாரிடம் போக வேண்டும். தேர்ந்தெடுக்கத் தரும் பதில்களில் ஒன்று இப்படி இருக்கிறது: 'முக்கியந்தான், ஆனால் முடியவில்லை, அல்லது எனக்கு வாய்ப்பில்லை.' நம் ஊர் இல்லங்களில் எத்தனை பேர் மனதுக்குள் இந்தப் பதிலோடு படுத்திருக்கிறார்கள்!

மறதி நோய் வந்தவரிடம் எப்படிக் கேட்பது? "என்ன வேண்டும்?" என்றால் தடுமாறுவார். இரண்டு புடவைகளைக் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். வாய் சொல்லாவிட்டால் கண் சொல்லும். தட்டைத் தள்ளுவதும் பதில்தான். மகளிடம் மட்டும் கேட்டால், மகள் தன் நினைவில் இருக்கிற அம்மாவைத்தான் சொல்வாள். இன்றைய அம்மாவுக்கு ருசி மாறியிருக்கலாம். அதனால் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இல்லம் நடத்துவோரே, மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளும் கட்டிலருகே இருக்கட்டும். காபிக்கு எவ்வளவு சர்க்கரை, எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவார், விளக்கணைத்தால் பயப்படுவாரா என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். ஷிப்ட் மாறி வரும் ஆயா அதைப் படிக்கட்டும். ஆயா கண்டுபிடித்ததையும் அதில் சேருங்கள்.

என் பெரியம்மா கேட்டது ஒரு சொம்பு. அது எங்களுக்குப் புரிய ஐந்து மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டுப் பெரியவரை அவ்வளவு நாள் காக்க வைக்காதீர்கள்.