காட்டுக்கு நாடி பார்த்தல்

நாடி பிடித்து நோய் அறியும் வைத்தியரை நம்மில் பலர் சிறு வயதில் கண்டிருப்போம். மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்துச் சற்று நேரம் மௌனமாக இருப்பார். பிறகு நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணிமையைத் தாழ்த்திப் பார்ப்பார், "இரவில் உறக்கம் வருகிறதா?" என்று வினவுவார். நாடி சொன்னதை மட்டும் கொண்டு மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் ஊரார் இரண்டாம் முறை போகமாட்டார்கள். காட்டுக்கும் நாடி பார்க்கும் கலை ஒன்று இந்நாளில் வளர்ந்திருக்கிறது. 700 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களே அங்கே வைத்தியரின் விரல்கள். அக்கலையைப் பற்றியும், நாடியை மட்டும் நம்பி நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இலை நமக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் இலையின் பச்சையம் பெரும்பாலும் உட்கொண்டுவிட, எஞ்சிய பச்சையே நம் கண்ணை வந்தடைகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. ஆனால் சிவப்புக்கு அப்பால், மனிதக் கண்ணுக்குப் புலனாகாத ஒளி ஒன்று உண்டு. அகச்சிவப்பு என்பது அதன் பெயர். நலமான இலை அந்த ஒளியில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பி வீசிவிடுகிறது. இலையின் உள்ளே கண்ணறைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே இதற்குக் காரணம். நோய் கண்டாலோ, இலை வாடி உதிரத் தொடங்கினாலோ, இந்த வீச்சம் குன்றுகிறது. சிவப்பை உட்கொள்ளும் பசியும் குறைகிறது. ஆகவே, ஓரிடத்திலிருந்து வரும் அகச்சிவப்பையும் சிவப்பையும் அளந்து, அவற்றின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அடர்ந்த பசுமையில் அது ஒன்றை நோக்கி ஏறும். வெற்று மண்ணில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பசுமைக் குறியீடு என்று அதனை அழைக்கலாம். இவ்வளவுதான் நாடி; இதில் மந்திரம் ஏதுமில்லை.

இந்த வித்தையை நம் நாட்டுக்கு அறிமுகம் செய்தது காடு அன்று, தென்னந்தோப்பு என்பது சுவையான செய்தி. கேரளத்துத் தென்னைகளை வேர்வாடல் நோய் வாட்டிக்கொண்டிருந்த காலம். 1970 ஆம் ஆண்டில், பிஷாரடி என்னும் விஞ்ஞானியின் தலைமையில் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பை உணரும் பிலிமில் தோப்புகளைப் படம் பிடித்தார்கள். நலமான மரங்கள் ஒரு நிறமாகவும் நோய்ப்பட்டவை வேறு நிறமாகவும் படத்தில் பிரிந்து நின்றன. இந்தியத் தொலையுணர்வுக் கலையின் தந்தை என்று பின்னாளில் அவர் போற்றப்பட்டதற்கு அத்தென்னைகளே பிள்ளையார் சுழி. ஈராண்டு கழித்து, 1972 இல், அமெரிக்கர் லேண்ட்சாட் வரிசையின் முதற் செயற்கைக்கோளை ஏவினர். 1988 இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். ஒன்று ஏ விண்ணை அடைந்தது. 2015 முதல் இயங்கும் ஐரோப்பியரின் சென்டினல் இரண்டு வரிசையோ, பத்து மீட்டர் பக்கமுள்ள சதுரம் சதுரமாக நிலத்தைக் காண்கிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. ஒரு வனக்காவலர் ஓராண்டில் நடந்து முடிக்க இயலாத மலையை அது நொடிகளில் கடந்துவிடுகிறது. இதன் பெருமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால், பசுமை வேறு, நலம் வேறு. இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

மாசி, பங்குனி மாதங்களில் முதுமலைக்குப் போனவர்கள் அறிவார்கள். தேக்கும் வெண்தேக்கும் இலையைச் சொரிந்துவிட்டுக் கழி கழியாய் நிற்கும். குறியீடு அப்போது பாதாளத்துக்கு இறங்கும். படத்தை மட்டும் பார்ப்பவர், காடு மாண்டுவிட்டது என்று பதறுவார். மாளவில்லை; கோடையின் வறட்சியைத் தாங்க இலைகளை உதறிவிட்டு ஓய்வு கொள்கிறது. மாறாக, அதே காட்டில் மரங்கள் குறைந்த இடத்தில் உண்ணிச்செடி புகுந்து புதராய் மண்டிக் கிடக்கும். ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. அதன் அடியில் புல் முளைக்காது. மானுக்கு மேய்ச்சல் இல்லை. மேலே இருக்கும் கண்ணுக்கோ அதுவும் பச்சைதான், பசேலென்ற பச்சை!

பசுமையை எண்ணுவதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை நாட்டின் காட்டுப் பரப்பை அளந்து வெளியிட்டு வருகிறது. பயனுள்ள பெரும்பணி. அதன் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தலைப்பு நூற்றுக்குப் பத்துப் பங்காவது நிழல் பரப்பினால் அது காட்டுப் போர்வை. மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. சோலையும் கணக்கில் சேரும். தைல மரத் தோட்டமும் சேரும். மரமற்ற புல்வெளி சேராது. இவ்விலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு பழனி மலைக்கு வாருங்கள். என் பிழை நடந்த இடம் அதுதான்.

கொடைக்கானலைச் சூழ்ந்த மேல்மலையில் இயற்கை இரண்டு ஆடைகளை அணிந்திருந்தது. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலை. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். மழைநீரை இவ்விரண்டும் உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விட, வைகைக்கும் அமராவதிக்கும் போகும் ஓடைகள் பிறக்கின்றன. புல்வெளியைப் பாழ்நிலம் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் அங்கே சீகை மரத்தையும் தைல மரத்தையும் பைனையும் நட்டார்கள். சீகை நட்ட இடத்தில் நிற்கவில்லை. 2018 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1973 க்கும் 2014 க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனி மலையில் புல்வெளியின் 66 விழுக்காடும் சோலையின் 31 விழுக்காடும் அக்காலத்தில் மறைந்துவிட்டன என்று காட்டியது. காட்டுப் போர்வைக் கணக்கில் புல் சீகையாக மாறியது இழப்பாக ஏறாது, வரவாகவே ஏறும். பழைய படங்கள் மட்டும் இல்லாதிருந்தால் இந்த மறைவை நாம் முழுமையாக அறிந்திருக்கவே முடியாது.

நான் அம்மலையில் வரைபடம் தயாரிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். எங்கே சீகையை அகற்றலாம் என்று குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. என் வாதம் எளிமையானது. 1973 இன் படத்தில் ஒரு சரிவு புல்லாக இருக்கிறது. இன்று அங்கே சீகை நிற்கிறது. ஆகவே சீகையை வெட்டினால் புல் திரும்பும். இவ்வாறு சில சரிவுகளுக்குச் சிவப்புக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவற்றில் ஒரு சரிவுக்கு நான் நேரில் போகவில்லை. மழைக்காலம், வழி மோசம், படமோ தெளிவாக இருந்தது. வேறு காரணம் சொல்வதற்கில்லை.

வெட்டு தொடங்கிய பிறகு ஒருநாள் அங்கே சென்றேன். சரிவின் கீழ்ப்பாதி வெட்டப்பட்டிருந்தது. என்னோடு வந்தவர் பளியர் குடியைச் சேர்ந்த முதிய காவலர். மேல்பாதியின் ஓரத்தில் நின்று அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, தலைக்கு மேலே இருப்பது சீகைதான். கொஞ்சம் குனிந்து பாருங்கள்."

குனிந்தேன். முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில், சீகையின் நிழலிலே காட்டுச் செண்பகக் கன்றுகள், நாவல் இனக் கன்றுகள், இன்னும் பெயர் அறியாத பல. பக்கத்து மடிப்பில் இருந்த சோலையிலிருந்து பறவைகள் கொணர்ந்த விதைகள் அவை. பல பத்தாண்டுகள் நின்று முதிர்ந்த அந்தச் சீகை மரங்கள் செவிலித்தாய்போல் வெயிலையும் உறைபனியையும் தடுத்து நின்றன. அங்கே சோலை ஒன்று பிறந்துகொண்டிருந்தது.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை, பெரியவரே?" என்று கேட்டேன்.

"யாரும் கேட்கவில்லையே, ஐயா. படம் வந்துவிட்டது என்றார்கள்."

வெட்டை அன்றே நிறுத்தினோம். ஆனால் கீழ்ப்பாதி போனது போனதுதான். நிழல் இழந்த கன்றுகள் அந்தத் தை மாதத்து உறைபனியில் கருகின. சீகை விதைக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெயில் பட்டால் விழிக்கும். அடுத்த மழையில் அந்த நிலம் நெல் நாற்றங்கால்போல் சீகை நாற்றுகளால் மூடிக்கொண்டது. புல்லும் வரவில்லை, சோலையும் போயிற்று.

நேயர்களே, படம் பொய் சொல்லவில்லை. சீகை என்றது, சீகைதான் நின்றது. 1973 இல் புல் என்றது, அதுவும் மெய்யே. நான் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கவில்லை. இளஞ்சீகை புல்லுக்குள் அப்போதுதான் காலெடுத்து வைக்கும் இடங்களில், நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவது மிகச் சரியான வைத்தியம். சோலையின் அண்டையில் முதிர்ந்து நிற்கும் சீகையின்கீழ் அதே வைத்தியம் கொலையாகிறது. விண்ணிலிருந்து இரண்டும் ஒரே பச்சைச் சதுரம்.

அதன்பின் எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். வரைபடத்தில் நிறம் தீட்டும் முன்பு, ஒவ்வொரு வகை நிறத்துக்கும் சில இடங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்து, நடந்தே போய்ப் பார்ப்பது. நாம் விரும்பும் இடத்தைத் தேர்ந்தால் பாதையோரமாகவே தேர்வோம். மனித இயல்பு அது. அங்கே பத்தில் ஒரு ஹெக்டேர் நிலத்தைக் கயிறு கட்டி அளந்து, மார்பு உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுப்பது. கட்டம் வரைந்த குவிந்த கண்ணாடி ஒன்றைக் கையில் ஏந்தி, எத்தனை கட்டத்தில் வானம் தெரிகிறது, எத்தனையில் இலை தெரிகிறது என்று எண்ணுவது. தீயின் வடு, கவாத்துச் செய்த கிளை, மாட்டுத்தடம் இவற்றைக் குறிப்பது. கடைசியில், மண்டியிட்டுக் கன்றுகளை எண்ணுவது. குறிப்பேட்டில் முன்பு இல்லாத ஒரு பத்தியை இதற்காகச் சேர்த்தோம். "குனிந்து பார்த்தது" என்று அதற்குத் தலைப்பிட்டவர் அக்காவலர்தாம்.

இவ்வகைப் பொறுமைக்கு நம் நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. முதுமலையில் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988 இல் ஐம்பது ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தண்டு முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டினார்கள். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள்! எது யானையால் முறிந்தது, எது தீயில் மடிந்தது, எது புதிதாய்த் தோன்றியது என்று ஆண்டுதோறும் பதிந்து வந்திருக்கிறார்கள். செயற்கைக்கோளின் எண் எதைக் குறிக்கிறது என்பதற்கு உரைகல் வேண்டுமானால் இத்தகைய நிலம்தான் உரைகல்.

மேலிருக்கும் கண்ணும் கூர்மையாகி வருகிறது. மழைக்காலத்தில் மேகத்தைப் பார்த்துத் திரும்பிய பழைய கண்களைப்போலன்றி, ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவும். இந்திய, அமெரிக்க விண்வெளி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த நைசார் செயற்கைக்கோள் 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளையையும் அடிமரத்தையும் தொட்டுத் திரும்பும். முழங்கால் உயரச் செண்பகக் கன்றை அதுவும் காணாது என்பதே என் எண்ணம்.

சென்ற ஆண்டு அச்சரிவுக்கு மறுபடி போயிருந்தேன். கீழ்ப்பாதியில் இளஞ்சீகை ஆள் நுழைய முடியாத புதராய் நிற்கிறது. மேல்பாதியில் கிழச்சீகைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்கின்றன. சாய்ந்த இடைவெளிகளில் நாவல் கன்றுகள் என் தோளைத் தாண்டிவிட்டன. அறைக்குத் திரும்பி, இரு பாதிகளின் பசுமைக் குறியீட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எண்.