கணக்கப்பிள்ளையும் பூட்டப்பட்ட கோவிலும்



அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குத் தெற்கே சிட்சுவேட் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினி பங்கை மூட உயர்மறைமாவட்டம் 2004இல் முடிவெடுத்தது. அந்த அக்டோபரில் பங்கு மக்கள் கோவிலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். இரவும் பகலும் யாராவது ஒருவர் உள்ளே இருக்கும்படி முறை வைத்துக்கொண்டார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுவை ஏற்க மறுத்த பின்புதான், 2016 மே மாதம் வெளியே வந்தார்கள்.

உயர்மறைமாவட்டத்துக்கும் நெருக்கடி இருந்தது. அமெரிக்காவில் 1970இல் சுமார் 59,000 குருக்கள் இருந்தார்கள். 2022இல் சுமார் 34,000 பேர்தான். ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகள் தெருவுக்கொன்றாகக் கட்டிய கோவில்களை விட்டு அவர்களின் பேரப்பிள்ளைகள் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் இருந்த 357 பங்குகளில் 65ஐ மூடப்போவதாக 2004 மே மாதம் அறிவித்தார்கள். மூன்று கோவில்களுக்கிடையே ஞாயிறன்று வண்டியோட்டிப் போகும் வயதான குருவின் களைப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் சிட்சுவேட்டில் அந்தப் பதினொரு ஆண்டுகளும் ஞாயிறு வழிபாட்டை யார் நடத்தினார்கள்? பங்கு மக்களே நடத்தினார்கள். திருச்சபைச் சட்டத்தின் 515ஆம் பிரிவு பங்கை முதலில் ஒரு நிலையான இறைமக்கள் சமூகம் என்றுதான் வரையறுக்கிறது. குருக்கள் போதாத இடத்தில், ஒரு குருவின் மேற்பார்வையில், திருத்தொண்டரோ பொதுநிலையினரோ மேய்ப்புப்பணியில் பங்கேற்க 517ஆம் பிரிவு வழிவிடுகிறது. பங்கை மூடுமுன் இந்த வழியை எத்தனை இடங்களில் மனமுவந்து முயன்று பார்த்தோம்?

கப்ரினி அன்னை தம் பெயரோடு 'சேவியர்' என்று சேர்த்துக்கொண்டது நம் சவேரியாரை நினைத்துத்தான். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியாரால் எல்லா ஊரிலும் தங்க முடியவில்லை. ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை வைத்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக்கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அந்தக் கணக்கப்பிள்ளையின் பொறுப்பு. குரு வரும்வரை ஊர் காத்திருந்தது, கலைந்துபோகவில்லை. அந்தப் பெயர் தாங்கிய கோவிலிலேயே இது மறந்துபோனது என் மனத்தை அறுக்கிறது.

உரோமை மறக்கவில்லை என்பது ஆறுதல். கிளீவ்லாந்து மறைமாவட்டத்தில் 13 பங்குகளை மூடிய விதம் சட்டப்படி செல்லாதென்று குருக்களுக்கான பேராயம் 2012இல் தீர்ப்பளித்தது. அதே பேராயம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிவுரை இன்னும் தெளிவானது. மறைமாவட்டத்தில் குருக்கள் குறைவு, பொதுவான நிதிநிலை ஆகியவை மட்டும் ஒரு பங்கை ஒழிக்கப் போதிய காரணங்கள் ஆகா. காரணம் அந்தந்தப் பங்கின் நிலைமையிலிருந்தே எழ வேண்டும். பங்குகளை இணைக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். ஆளில்லாத ஊரில் கட்டடத்தை மட்டும் காத்து என்ன செய்ய? வரைபடத்தில் கோடு போடுமுன், அந்த ஊரில் செபம் சொல்லிக்கொடுப்பவர் யார், நோயாளியைப் பார்க்கப் போகிறவர் யார் என்று விசாரிக்கச் சொல்கிறேன்.

குரு இல்லாமலும் ஒரு சமூகம் நிலைத்திருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணமும் சாட்சி. அது 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போனதும் குருக்கள் விரட்டப்பட்டார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே குரு இல்லை. 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கையில் இறங்கினார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையை அடையாளம் கண்டுகொண்டவர்கள் அவரை உள்ளே அழைத்தார்கள்.