ஐஸ் தரை யந்திரமும் சாக்கடைக் குழியும்

(இலுப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெயில் காயும் இந்த இலுப்பூரில் நின்றுகொண்டு ஐஸ் தரையைப்பற்றிப் பேசுவது சிலருக்குச் சிரிப்பாகத் தோன்றலாம். ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது.

மேல்நாடுகளில் ஐஸ் தரைமீது சறுக்கி விளையாடுகின்றார்கள். நம் நாட்டிலும் சிம்லாவில் 1920 முதல் அத்தகைய மைதானம் ஒன்று உண்டு. சறுக்கச் சறுக்கத் தரை கீறிப்போகும். முன்னெல்லாம் மூன்று நான்கு ஆட்கள் ஒரு மணி நேரத்துக்குமேல் பாடுபட்டுத்தான் அதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுச் சமப்படுத்துவார்கள். 1949-ல் அமெரிக்காவில் பிராங்க் ஜாம்போனி என்பவர் ஜீப் என்ஜினைப் பூட்டி ஒரு வண்டி செய்தார். ஒரே ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டினால் போதும். அடியிலுள்ள கத்தி ஐஸைச் சீவும். பின்னாலுள்ள துணி தண்ணீரை மெல்லிசாகப் பரப்பும். அது உறைந்து கண்ணாடிபோலாகும். சுமார் பத்து நிமிஷ வேலை!

இந்த வண்டி மந்திரத்தால் ஓடவில்லை, பெட்ரோலால் ஓடிற்று. மூடிய கட்டிடத்துக்குள் புகை தேங்கினால், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு விளையாடுகிறவர்களையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் மயங்கி விழச் செய்யும். அதைத் தலைவிதி என்று விட்டுவிட்டார்களா? காஸுக்கு மாற்றினார்கள். அதிலும் அந்த விஷம் அறவே ஒழியவில்லை என்று கண்டு, இன்று பல இடங்களில் பாட்டரி மின்சாரத்தால் ஓட்டுகின்றார்கள்.

தோழர்களே! விளையாடுகிறவன் மூச்சுக்கு அங்கு இவ்வளவு கவலை. இங்கோ, விஷவாயு நிறைந்த சாக்கடைக் குழிக்குள் மனிதனையே இறக்குகின்றோம். மலமள்ளும் வேலைக்கு மனிதனை வைக்கக்கூடாதென்று 1993-ல் ஒரு சட்டம். பாதுகாப்பின்றிக் குழியில் இறக்கக்கூடாதென்று 2013-ல் மற்றொரு சட்டம். செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் 30 லட்சம் என்றது. உயிருக்கு விலை ஏறிற்றேயொழிய, சாவு நின்றதா?

யந்திரம் இல்லாமலா? குழியைச் சுத்தம் செய்யும் யந்திரத்தை 2018-லேயே கேரளத்தில் வேலைக்கு விட்டார்கள். பின் ஏன் மனிதன் இறங்க வேண்டும்? அந்த வேலைக்கென்றே ஒரு ஜாதியைப் பிறப்பித்து வைத்திருக்கும்போது, யந்திரத்துக்குப் பணம் எதற்கு என்கிற எண்ணந்தான்! பெட்ரோலும் மின்சாரமும் செய்யவேண்டிய வேலையை இந்நாட்டில் ஜாதி செய்கின்றது.

ஆகவே, உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், ஆளைக் கூப்பிடாதீர்கள். எவரேனும் ஒரு மனிதனைக் குழியில் இறக்கக் கண்டால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். அதுவே சுயமரியாதை.